மூன்றாவது கேள்வி

ஆம்பூரில் வேலை தேடுகிறவர்கள் யாரும் "வேலை தேடுகிறேன்" என்று சொல்ல மாட்டார்கள். "சொல்லி வைத்திருக்கிறேன்" என்பார்கள். யாரிடம் சொல்லி வைத்தீர்கள் என்று கேட்டால் அதற்கும் நேரான பதில் வராது. மச்சானுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு முதலாளி வீட்டில் நல்ல பழக்கம், பார்க்கலாம் என்று இழுப்பார்கள். நாலு பேர் வாய் மாறி அந்தச் சேதி போய்ச் சேரும்போது, இவருக்கு வேண்டியது வேலையா, மகனுக்குப் பெண்ணா என்பதே குழம்பிப் போயிருக்கும். ஆனாலும் இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வேலைக்குப் போனார்கள். வக்கார் அகமதுவும் இருபது வயதில் அப்படித்தான் போனார். அவருடைய மாமு யாரிடமோ சொல்லி வைத்தார். அடுத்த திங்கட்கிழமை ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற கட்டிங் மேசை முன்னால் நின்றார். வேலை என்பது தேட வேண்டிய ஒரு பொருள் என்று அதற்குப் பிறகு அவர் நினைத்ததே இல்லை.

நாற்பத்தேழு வயதில் அந்த வேலை போனது. அமெரிக்காவில் வரியை ஏற்றினார்கள், ஆர்டர் நின்றது, பைபாஸ் பக்கம் இருந்த யூனிட்டைக் கம்பெனி மூடியது. டீ நேரத்தில் எச்.ஆர். பெண் வந்து நின்று எல்லாருக்கும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளே அழுதுவிட்டாள். கட்டிங் சூப்பர்வைசர் வக்கார் அகமதுதான் அவளை உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவர் குணம் அப்படி. தன் வீடு பற்றி எரிந்தாலும் அணைக்க வந்தவர்களுக்கு மோர் கலக்கப் போகிற ஆள்.

வீட்டில் அவருக்கு மனைவி ஜஹீதா, ஒரே மகள் புஷ்ரா. புஷ்ரா வாணியம்பாடியில் பி.காம். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்து வேலூரில் எம்.காம். சேர வேண்டும், பிறகு ஏதாவது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்க வேண்டும் என்று ஆசை. அது அவளுடைய ஆசையா, அவள் அப்பாவுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பத்தாவதோடு நின்றவர் அவர். மகள் கரும்பலகை முன்னால் நிற்பதைக் கண்ணை மூடிக்கொண்டே பார்ப்பார்.

"காலேஜ் தொறக்கறதுக்குள்ள உங்களுக்கு ஒரு வேலை கெடச்சிட்டா புஷ்ரா படிக்கட்டும்," என்றாள் ஜஹீதா. "இல்லாட்டி..."



புஷ்ராவின் கல்லூரியில் வேலை தேடுவது எப்படி என்று கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் வகுப்பு நடந்தது. சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்து எடுத்தாராம். அங்கே கேட்டதையெல்லாம் அவள் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவுக்கு எடுத்தாள். முதலில் பயோடேட்டா. அவர் சொல்லச் சொல்ல அவள் செல்போனில் தட்ட வேண்டும். வக்கார் அகமது தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்பா பெயர் ஜியாவுல்லா, தாத்தா பெயர், பூர்வீகம் பேரணாம்பட்டு என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார்.

"அப்பா, இது கல்யாணத்துக்கு இல்ல. நீங்க இன்னா வேலை செஞ்சீங்க, அத சொல்லுங்க."

"கட்டிங்ல இருந்தேன்னு போடு. அவங்களுக்கே தெரியும்."

"தெரியாது. எத்தனை பேரை வெச்சு வேலை வாங்கினீங்க, தோலு வேஸ்ட் ஆவறத எப்டி கம்மி பண்ணீங்க, எந்தெந்த நாட்டு ஆர்டர் பாத்தீங்க, எல்லாத்தையும் சொல்லணும். நீங்க சொல்லாம உங்களப் பத்தி யாரு சொல்வாங்க?"

அவருக்கு உடம்பே கூசியது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையே எழுந்து நின்று தன் பெருமையைப் பேசுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் மகள் விடவில்லை. கேள்வி கேட்டுக் கேட்டு, பல்லைப் பிடுங்குவது போல ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். எடுத்ததை ஒரே பக்கத்தில் அழகாக அடித்துக் காட்டியபோது, யாரோ பெரிய மனிதரைப் பற்றிப் படிப்பது போல அவர் அதைப் படித்தார்.

பிறகு இன்டர்வியூ. புஷ்ரா நாற்காலியில் மேனேஜராக உட்கார்ந்தாள். அப்பா கட்டிலில்.

"சொல்லுங்க மிஸ்டர் வக்கார் அகமது. பழைய வேலைய ஏன் விட்டீங்க?"

"அல்லாவோட நாட்டம்."

"அப்பா."

"சரி, சரி. ஆர்டர் இல்ல. யூனிட்டை மூடிட்டாங்க. வேலை தேடறேன்."

"அவ்ளோதான். இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. பாக்கறவங்க எல்லார் கிட்டயும் இதையே சொல்லுங்க. பேப்பர்ல வர்ற வேலைய விட வாய் வழியா வர்ற வேலைதான் ஜாஸ்தின்னு மேடம் சொன்னாங்க. நீங்க சும்மா இருக்கீங்கன்னு தெரிஞ்சாதானேப்பா ஒருத்தர் கூப்புடுவாங்க?"

ஆர்டர் இல்ல, யூனிட்டை மூடிட்டாங்க, வேலை தேடறேன். முகம் மழிக்கும்போதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்குள் அது வழுக்கிக்கொண்டு வந்தது. வாசலைத் தாண்டினால் வரவில்லை.

பிரேம்நாத்துக்கு மட்டும் அவரால் சொல்லிக் கொடுக்க முடிந்தது. கட்டிங்கில் அவருக்குக் கீழே இருந்தவன். அவனுக்கும் அதே நாளில் வேலை போயிருந்தது, வீட்டில் கைக்குழந்தை. பள்ளிவாசலுக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் அவனை உட்கார வைத்து, மகளிடம் கற்ற பாடத்தை அப்படியே ஒப்பித்தார்.

"வெக்கப்படாத பிரேம். யாரப் பாத்தாலும் மொதல் வார்த்தையே அதான் இருக்கணும்."

"நீங்க எல்லார்கிட்டயும் சொல்ட்டீங்களா பாய்?"

"சொல்லணும்," என்று டீயைக் குடித்தார்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் இந்தத் தெருக்களில் அல்ஹம்துலில்லாஹ் என்பதுதான் பதில். காய்ச்சலில் படுத்திருப்பவரும் அதைத்தான் சொல்வார். புகழெல்லாம் இறைவனுக்கே என்று சொல்வதில் என்ன குறை இருக்க முடியும்? ஒரு குறையும் இல்லை. ஆனால் அது முதல் கேள்விக்கான பதில். கேட்டவர் அதை வாங்கிக்கொண்டு, ரெண்டு டீ சொல்லிவிட்டு, "அப்புறம், வேலையெல்லாம்?" என்று மறுபடி கேட்பார். "ஓடுது" என்று பதில் வரும். டீ பாதி இறங்கியதும் குரலைத் தாழ்த்தி, "நெஜமா சொல்லு, எப்டி இருக்கே?" என்பார். இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் உண்மை வெளியே வரும். அத்தனை தடவை கேட்காதவனிடம் கஷ்டத்தைச் சொல்வது கை நீட்டுவதற்குச் சமம் என்று வக்கார் அகமதுவை வளர்த்திருந்தார்கள். அவரும் அதை நல்ல பிள்ளையாகக் கற்றுக்கொண்டிருந்தார்.

ரமலானுக்கு முந்தின ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போது யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பினால் ஷபீ அஹமது. இருவரும் ஒரே வருஷம் ஒரே மேசையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். ஷபீ பல வருஷத்துக்கு முன்பே ராணிப்பேட்டைக்குப் போய்விட்டார். இப்போது அங்கே ஒரு ஷூ கம்பெனியில் புரொடக்ஷன் மேனேஜர். ஆம்பூர்ப் பக்கம் வருவதே அபூர்வம்.

ஷபீ அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எப்டி இருக்கே வக்கார்? வேலையெல்லாம் எப்டி போவுது?"

"அல்ஹம்துலில்லாஹ். நல்லா போவுது."

சொல்லிவிட்டு வக்கார் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். நாக்கு நுனியில் அந்த மூன்று வாக்கியமும் தயாராக இருந்தன. ஷபீயிடம் சொல்வதில் அவருக்குக் கூச்சம்கூட இல்லை, கேட்கத்தான் வேண்டும். அதற்குள் ஷபீயின் போன் அடித்தது. கன்டெய்னர், துறைமுகம் என்று யாரிடமோ இந்தியில் சத்தமாகப் பேசினார். பேசி முடித்து வக்காரின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது. பிறகு தோளைத் தட்டினார்.

"சரி, சந்தோஷம். புள்ளைய கேட்டேன்னு சொல்லு," என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கிப் போனார்.

வக்கார் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, டீக்கடையிலிருந்து பிரேம்நாத் ஓடி வந்து அந்தக் காரின் ஜன்னலருகே குனிவதைப் பார்த்தார். ஷபீயை அவனுக்கு முன்பின் தெரியாது. கார்க் கண்ணாடியில் ஷூ கம்பெனியின் பெயர் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அவன் வாயசைவிலேயே என்ன சொல்கிறான் என்று தெரிந்தது. வக்காருக்குத்தான் வெட்கமாக இருந்தது. நடுரோட்டில், ஒரு டீ கூடச் சொல்லாமல், வழியில் போகிறவரை மறித்து இப்படியா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். சொல்லிக் கொடுத்ததே தான்தான் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

ரமலான் போனது, பெருநாளும் போனது. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று அவர் பயோடேட்டாவோடு ஏறி இறங்கினார். சொல்றோம் என்றார்கள். வயசு கொஞ்சம் ஜாஸ்தி என்றார்கள். ஓர் இடத்தில் வாட்ச்மேனே வாங்கி வைத்துக்கொண்டான். ஒரு வாரம் கழித்து மறுபடி போன் செய்து கேட்க வேண்டும் என்பது மேடத்தின் பாடம். அவர் செய்தார், யாரும் எடுக்கவில்லை. புஷ்ரா பரீட்சையை முடித்தாள். எம்.காம். விண்ணப்பத்தை செல்போனில் நிரப்பி, கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தாமல் வைத்திருந்தாள்.

"அப்பா, நல்லா யோசிச்சுப் பாருங்க. சொல்லாம யாராச்சும் விட்டுப் போச்சா?"

"ஷபீ இருக்கான். ராணிப்பேட்டையில. ஜும்ஆவுல பாத்தேன். கேக்கறதுக்கு நேரம் அமையல."

புஷ்ரா அவரை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எழுந்து போய் அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து அயர்ன் போட ஆரம்பித்தாள்.

"போன் வேணாம்பா. நேரா போய்ப் பாருங்க."

போனார். ஷபீயின் அறையில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் கட்டிங் ஹால் தெரிந்தது. டீ வந்தது.

"எப்டி இருக்கே வக்கார்?"

"அல்ஹம்துலில்லாஹ்," என்று அது பாட்டுக்கு வந்தேவிட்டது. ஆனால் இந்தத் தடவை அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சொன்ன அதே வரிசையில், மகள் முகத்தை நினைத்துக்கொண்டு சொன்னார். "ஆர்டர் இல்ல. யூனிட்டை மூடிட்டாங்க. வேலை தேடறேன்."

ஷபீ கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார். "எப்போலேர்ந்து?"

"மழைக்கு முன்னாடியே."

"அப்போ, அந்த ஜும்ஆ அன்னிக்கு?"

"அன்னிக்கும் சும்மாதான் இருந்தேன்."

ஷபீ எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வக்கார், நான் அன்னிக்கு ஆம்பூர் வந்ததே உனக்காகத்தான். கட்டிங்குக்கு சூப்பர்வைசர் வேணும்னதும் முதலாளிகிட்ட உன் பேரைத்தான் சொன்னேன். உங்க யூனிட் மூடினது தெரியும். உன்னை வேற யூனிட்டுக்கு மாத்திட்டாங்களா இல்லையான்னு தெரியல. உங்க முதலாளியும் எங்க முதலாளியும் சம்பந்திங்க. அவர்கிட்ட வேலைல இருக்கற ஆளை நான் வான்னு கூப்பிட்டா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பெரிய பேஜாராய்டும். நீயா வாயத் தொறந்து சொல்லணும். அதான் வேலை எப்டி போவுதுன்னு கேட்டேன். நல்லா போவுதுன்னு சொல்ட்டியே."

"நீ ஒரு தடவைதானே ஷபீ கேட்டே," என்றார் வக்கார்.

குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற குரல்தான். ஷபீயும் ஆம்பூரில் பிறந்தவர். அது என்ன கணக்கு என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டிருக்கணும். போன் வந்துச்சு. இங்க வந்து ஓடி ஓடி எல்லாம் மறந்து போச்சு எனக்கு."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் வக்காரைப் பார்த்துவிட்டு வேகமாக வந்து கதவைத் தட்டினான். பிரேம்நாத். சட்டையில் சூப்பர்வைசர் பேட்ஜ்.

"வக்கார் பாய், நீங்க சொன்னத அப்டியே பண்ணேன். மொதல் வார்த்தையே அதான் சொன்னேன். சார்கிட்ட கேளுங்க. எங்க வீட்ல உங்கள தெனம் நெனைப்போம் பாய்."

வக்கார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இரு," என்றார். மனதாரத்தான் சொன்னார். அதே நேரத்தில் அந்த பேட்ஜை விட்டுக் கண்ணை எடுக்க முடியாததும் நிஜம். கைக்குழந்தைக்காரனைப் பார்த்து இப்படிப் பொறாமைப்படுகிறோமே என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது.

அவன் போன பிறகு, வக்கார் கொண்டுவந்திருந்த பயோடேட்டாவை ஷபீ எடுத்துப் பார்த்தார். "யாரு இத பண்ணிக் குடுத்தது? ரொம்ப சுத்தமா இருக்கு."

"எம் பொண்ணு."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. தன்னைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்ல மாதக்கணக்கில் தவித்தவர், மகளைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். பி.காம்.மில் அவள் வகுப்பில் முதல், கணக்கில் ஒரு பிசகு வராது, கம்ப்யூட்டர் தெரியும், டேலி தெரியும், இங்கிலீஷில் கடிதம் எழுதுவாள், தனக்கு எல்லாமே அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். ஷபீ இடைமறிக்காமல் கேட்டார். அப்படிக் கேட்டதில் அவர் மனதுக்கு ஒரு வழி தென்பட்டிருக்க வேண்டும்.

"வக்கார், கட்டிங்ல இனிமே எடம் இல்ல. அக்கவுண்ட்ஸ்ல ஒரு பொண்ணு தேவைப்படுது. லேடீஸ்தான் ஜாஸ்தி, நல்ல எடம். புள்ளைய அனுப்பறியா? என்னால இப்ப முடிஞ்சது இதான்."

கேட்டுச் சொல்கிறேன் என்றார் வக்கார். கிளம்பும்போது, யாரோ ஆற்காட்டிலிருந்து கொண்டுவந்த மக்கன் பேடா இனிப்பு டப்பா ஒன்றை ஷபீ அவர் கையில் திணித்தார். வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. நல்லெண்ணத்தில் கொடுத்ததுதான்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வக்கார் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தார். அக்கவுண்ட்ஸ் விஷயத்தை வீட்டில் சொல்ல வேண்டாம். இடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடலாம். வேலூர் தாண்டியபோது அது முடிவாகியே விட்டது. மடியில் இருந்த டப்பாவை அவர் மறந்துபோனார்.

வீட்டு வாசலில் ஜஹீதா நின்றாள். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு அவள் டப்பாவைப் பார்த்துவிட்டாள். இத்தனை மாதத்தில் அவர் இனிப்போடு வீடு திரும்பியது அதுதான் முதல் தடவை. ஒன்றும் கேட்காமல் வாங்கி, கயிற்றைப் பிரித்து, ஒரு பேடாவை எடுத்து அப்படியே மகள் வாயில் ஊட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"எப்போ சேரணும்னு சொன்னாங்க?"

வக்கார் அகமது பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்திருந்தால் அந்த இடத்தில் சொல்லியிருப்பார். பஸ்ஸில் சேர்த்து வைத்த தைரியமெல்லாம் மகளின் கன்னத்தில் உப்பியிருந்த அந்த இனிப்பைப் பார்த்ததும் கரைந்துவிட்டது.

"எனக்கு இல்ல," என்றார். "அங்க பிரேம்நாத் சேந்துட்டான். புஷ்ராவை கேக்கறாங்க. அக்கவுண்ட்ஸ்ல."

புஷ்ரா வாயிலிருந்ததை விழுங்க நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நடந்ததைக் கேட்டாள். அவர் ஒன்று விடாமல் சொன்னார். ஜும்ஆவும், போனும், காரும், தான் காத்திருந்ததும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "சரிப்பா," என்றாள். "எம்.காம். தபால்லயும் பண்லாம்."

"வேணாம்மா. நான் இன்னும் தேடறேன்."

"தேடுங்க. நீங்க தேடற வரைக்கும் நான் போறேன்."

ஜஹீதா பேடா டப்பாவை மூடி அடுப்படிக்குக் கொண்டுபோனாள். அதை யாரும் பிறகு தொடவில்லை.

ஜூன் மாதத்தில் புஷ்ரா வேலையில் சேர்ந்தாள். காலை ரயிலில் காட்பாடி வரைக்கும் போய், அங்கிருந்து கம்பெனி பஸ். முதல் நாள் வக்கார் ஆம்பூர் ஸ்டேஷனுக்கு உடன் போனார். அதே ரயிலுக்கு அவளுடைய தோழி இரம் வந்திருந்தாள். புதுப் பையோடு, வேலூரில் எம்.காம். வகுப்புக்கு. இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே ஒரே பெட்டியில் ஏறினார்கள். காட்பாடியில் இறங்கி ஒருத்தி காலேஜ் பஸ்ஸுக்கும் மற்றவள் கம்பெனி பஸ்ஸுக்கும் போவார்கள் என்று நினைத்தபடியே அவர் வீட்டுக்கு நடந்தார்.

வழியில் ஒருவர், "இன்னா பாய், எப்டி இருக்கீங்க?" என்று கேட்டார். வக்கார் அகமது நின்று, "வேலை இல்ல. தேடிக்கிட்டிருக்கேன்," என்றார். கேட்டவர் இதை எதிர்பார்க்கவில்லை. அல்லா போதுமானவன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். இப்போதெல்லாம் வக்கார் யாரிடமும் முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லிவிடுகிறார். காலம் கடந்து வந்த ஞானம்தான், என்ன செய்வது.

சாயங்காலம் புஷ்ரா திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகம் கழுவி, ஜஹீதா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, அன்று அப்பா உட்கார்ந்து பாடம் படித்த அதே கட்டிலில் உட்கார்ந்தாள். வக்கார் எதிரில் இருந்த நாற்காலியில் இருந்தார்.

"எப்டிம்மா இருந்துச்சு?"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் புஷ்ரா. "நல்லா இருந்துச்சுப்பா."

அவள் டீயைக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தாள். டீ பாதி இறங்கும் வரை வக்கார் அகமது அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்க அவருக்கு வாய் வரவில்லை.